எப்பவாவது வரும்

"எப்பவாவது வருமாம்! இது என்ன பஸ்ஸா?"

கடுகு மேசையில் குத்திய குத்தில் பக்கத்து சீட்டுக்காரியின் தண்ணீர் பாட்டில் உருண்டு விழுந்தது.

கடுகு என்பது ஆபீஸ் வைத்த பெயர். ஆள் சின்னது, வெடிப்பது பெரிது. டாக்டர்கள் எழுதும் குறிப்பைப் படித்து, அதற்கு உரிய எண்ணைப் போடுவது அவள் வேலை. எண் சரியாக இருந்தால்தான் இன்சூரன்ஸ்காரன் ஸ்கேனுக்குச் சரி சொல்வான். ஃபைலில் நோயாளியின் பெயரும் போன் நம்பரும் கறுப்புப் பட்டைக்குள் இருக்கும். ஆஸ்பத்திரிக்குக்கூட எண்தான். ரகசியம் காக்கிறார்களாம். அதே ரகசியத்துக்காக ஊழியர்கள் தங்கள் போனை வாசலில் உள்ள லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

திரையில் இருந்தது ஆறாம் எண் ஆஸ்பத்திரி ஃபைல். பெண், வயது முப்பத்தெட்டு. டாக்டர் இப்படி எழுதியிருந்தார்: 'பீரியட்ஸ் அடிக்கடி வருவதில்லை. எப்பவாவது வரும் என்கிறார். கடைசித் தேதி ஞாபகமில்லை என்கிறார். சினைப்பையில் கட்டி சந்தேகம். உடனே ஸ்கேன்.'

சந்தேகத்துக்கு எண் போடக் கூடாது, அறிகுறிக்குத்தான் போடலாம். அந்த அறிகுறிக்கு மூன்று எண்கள். வயசுக்கு வந்ததிலிருந்தே அப்படியென்றால் ஒன்று, நடுவில் ஆரம்பித்ததென்றால் இன்னொன்று, தெரியாவிட்டால் மூன்றாவது. போன வாரம் மூன்றாவதைப் போட்டாள். 'தெளிவில்லை' என்று இன்சூரன்ஸ்காரன் திருப்பி அடித்துவிட்டான்.

"முப்பத்தெட்டு வயசு, என் வயசுதான். ஒரு தேதி சொல்லத் தெரியாதா இவளுக்கு?"

"வேலை மும்முரத்துல யாருக்குடி ஞாபகம் இருக்கு?" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி, தரையைத் துடைத்தபடி.

"அவ சொல்லலன்னா இந்த டாக்டர் தோண்டிக் கேக்க வேண்டாமா? மூணு மணி நேரம் உக்கார வெச்சு மூணு நிமிஷம் பாக்கறது! என்னையும்தான் ஸ்கேனுக்கு நாள் சொல்றோம்னு அனுப்பினாங்க. மூணு வாரமாச்சு, ஒருத்தனாவது கூப்பிட்டானா?"

டாக்டருக்கு எழுதிக் கேட்டாள். 'எப்போதிலிருந்து?' பதில் வந்தது. 'குறிப்பைப் பார்க்கவும்.'

"குறிப்பைப் பாத்துட்டுத்தானய்யா கேக்கறேன்!"

பொறுமை போய், நடுவில் ஆரம்பித்தது என்று தானே முடிவு செய்து இரண்டாவது எண்ணைப் போட்டாள். அரை மணி நேரத்தில், போட்ட எண்களைச் சரிபார்க்கும் ஆடிட்டர் வந்து நின்றார்.

"ஆதாரம் எங்கம்மா?"

"இந்த வயசுல பெரும்பாலும் அப்படித்தான் சார்."

"பெரும்பாலும்னு ஒரு எண் இருக்கா?"

அவள் பெயருக்கு நேரே ஒரு தப்பு ஏறியது.

சாப்பாட்டு வேளையில் பதினேழாம் நம்பர் லாக்கரைத் திறந்தாள். பக்கத்து சீட்டுக்காரி அவசரமாக வந்து, "ஒரு பேட் இருக்காடி?" என்றாள்.

"என்கிட்ட என்னைக்குடி இருந்திருக்கு?" என்று எரிந்து விழுந்தபடி போனைப் பார்த்தாள். தெரியாத நம்பரிலிருந்து ஒன்பது மிஸ்டு கால். "லோன் வேணுமான்னு கேக்கற தொல்லை! இன்னையோட ஒழி!" அந்த நம்பரை பிளாக் செய்த பிறகு சோறு கொஞ்சம் இறங்கியது.

அந்தத் தெம்பில் டாக்டருக்கு இன்னொரு கடிதம் போனது. 'நோயாளியிடம் ஒரு கேள்வி உருப்படியாகக் கேட்டிருந்தால் எனக்கு இந்தத் தலைவலி இல்லை.' டாக்டருக்கும் ரோஷம் உண்டு. பத்தே நிமிஷத்தில் பதில் வந்தது. 'எப்போதிலிருந்து என்று இன்று ஐந்து மணிக்குள் நோயாளி உறுதி செய்யாவிட்டால், நாளைக்கு ஒதுக்கிய ஸ்கேன் ரத்து. அடுத்த இடம் இரண்டு மாதம் கழித்து.'

கடுகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். தன் கோபத்துக்கு யாரோ ஒருத்தி வயிற்றில் கட்டியோடு இரண்டு மாதம் காத்திருப்பதா? மணி நாலே முக்கால். சூப்பர்வைசர் அறைக்கு ஓடினாள்.

விஷயத்தைக் கேட்டு அவர் நெளிந்தார். "அந்த... லேடீஸ் பிரச்சினையா?"

"பீரியட்ஸ்னு சொல்லுங்க சார், வாய் வெந்துடாது. சீக்கிரம் போன் போடுங்க!"

ஆறாம் எண் ஆஸ்பத்திரியின் நர்ஸ் ஸ்பீக்கரில் வந்தாள். அவளுக்கும் கோபம்தான்.

"மூணு வாரமா அந்தம்மாவைக் கூப்பிடறோம், எடுக்கவே இல்ல. இன்னைக்குக் காலைல மட்டும் ஒன்பது தடவை! மத்தியானத்துலேருந்து லைனே போகல. நாங்க என்ன வீடு தேடிப் போயா கேக்க முடியும்? நம்பர் தர்றேன், நீங்களே பேசிப் பாருங்க."

சூப்பர்வைசர் நம்பரைக் கையால் மறைத்துக் கொண்டு எழுதினார். "ரூல்படி நீ பாக்கக் கூடாதும்மா. நானே அடிக்கிறேன்."

அடித்தார். மணி போனது. போய்க்கொண்டே இருந்து கட்டானது.

"மறுபடி போடுங்க சார்!"

மறுபடியும் மணி போனது. சுவர்க் கடிகாரத்தில் ஐந்துக்கு நாலு நிமிஷம்.

"எடுக்கிறாளா பாருங்க! அவளுக்காக நான் ஊரையெல்லாம் பகைச்சுக்கிட்டு நிக்கிறேன், மகாராணிக்கு போன் எடுக்க வலிக்குது! உடம்பு அவளோடதா என்னோடதா? நேர்ல மட்டும் கிடைச்சா, போனைக் கழுத்துல கட்டி விட்டுருவேன்!"

கதவு லேசாகத் தட்டப்பட்டது. வாசல் செக்யூரிட்டி தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"கோச்சுக்காதீங்கம்மா. பதினேழாம் நம்பர் லாக்கர் உங்களுதுதானே? உள்ள போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, நடுவுல ஒரு செகண்டு நின்னுச்சு, இப்ப மறுபடியும் அடிக்குது."