ஒரு பிடிக் கள்ளன்

ஆழ்வாப்பிள்ளை அரிசிப் பெட்டிக்குள் தலையை விட்டபடியே கத்தினார்.

"நாகேஸ்வரி! இஞ்சை வந்து பார். இண்டைக்கும் ஒரு பிடி குறைஞ்சிருக்கு!"

பர்மா அரிசி நின்றுபோன சண்டைக் காலம். கையில் காசு இருந்தவனுக்கும் அரசாங்கம் அளந்து கொடுக்கிற கூப்பன் அரிசிதான், அதிலும் பாதி கல். அதைத்தான் யாரோ நாள் தவறாமல் எடுக்கிறார்கள். காலையில் சமையலுக்கு அளந்து கொடுத்துவிட்டு, மிஞ்சிய அரிசிமேல் உள்ளங்கையை அழுத்தி அடையாளம் வைப்பார். பொழுதுபடப் பார்த்தால் அடையாளத்தின் நடுவே ஒரு குழி இருக்கும்.

"எலியாயிருக்கும்" என்றாள் மனைவி, முகத்தைப் பாராமல்.

"எலி என்ன, பிடி அளந்தே தின்னுறது?"

என்றாலும் கடற்கரைப் பக்கம், கொழும்புத்துறையிலிருந்து ஒரு பூனையைக் கொண்டுவந்தார். மீன் தின்று வளர்ந்த பூனை, எலியைக் கண்டால் விலகி நடந்தது. மூன்றாம் நாள் இருந்த பாலையும் குடித்துவிட்டு வேலி பாய்ந்து போய்விட்டது. குழி மட்டும் மாறவில்லை.

அடுத்ததாகப் பெரிய பூட்டொன்று வாங்கினார். வாங்கிய பூட்டு வீணாகலாமா? கள்ளன் கண் வைக்கக்கூடிய எல்லாவற்றையும் பெட்டிக்குள் அடைத்தார். கடதாசிச் சரையில் சுற்றிய சீனி, செத்தல் மிளகாய், கடைசியில் மண்ணெண்ணெய்ப் போத்தலும்.

"இஞ்சேருங்கோ, மண்ணெண்ணெயை அரிசியோடை வைக்கிறதே?"

"நீ பேசாமல் இரு. பூட்டுத் திறப்பு என்ரை மடியிலை."

விடிந்து திறந்தார். போத்தல் சரிந்து கிடந்தது, அடைப்பான் ஒரு மூலையில். மண்ணெண்ணெயில் ஊறிய அரிசியை ஏழு தண்ணியில் கழுவினார், வெயிலில் காயப்போட்டார். காகம் வந்து ஒருமுறை கொத்திவிட்டு, திரும்பிப் பாராமல் பறந்தது. அடுத்த கூப்பனுக்கு இன்னும் எட்டு நாள்.

நாகேஸ்வரி பெட்டியருகே குந்தியிருந்து தேம்பித் தேம்பி அழுதாள். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. போன வருஷம் நெருப்புக் காய்ச்சலில் அவர் சாகக் கிடந்தபோதுகூட இவள் இப்படி அழவில்லையே!

ஏழு நாள் மரவள்ளிக் கிழங்கு. எட்டாம் நாள் புகையிலை விற்கக் கொடிகாமம் சந்தைக்குப் போனவருக்குக் கண் இருண்டது. பக்கத்து மடத்தில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். புத்தூரில் நாலு பேர் மதிக்கிற, நிலபுலமுள்ள கமக்காரன் மடத்துக் கஞ்சிக்குக் கையேந்துவதா? பசி விடவில்லை. சால்வையால் தலையை மூடிக்கொண்டு பந்தியின் கடைசியில் போய் இருந்தார்.

பொன்னம்பலம் என்பவன் அகப்பையால் ஊற்றினான். சிரட்டைக்குள் சோற்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. இரந்து குடிக்க வந்த இடத்திலும் அவருடைய வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன தம்பி, கஞ்சி உப்பிடித் தண்ணியாயிருக்கு?"

பொன்னம்பலம் பெருமூச்சு விட்டான்.

"என்னத்தைச் செய்யிறது அண்ணை? புத்தூரிலை ஒரு அம்மா, புருசன் காய்ச்சலிலை கிடந்து தப்பினதுக்கு நேர்த்தியெண்டு நாளுக்கொரு பிடி அரிசி எடுத்து வைச்சு, வெள்ளிக்கு வெள்ளி அரிசி சேர்க்கப் போற எங்கடை மடத்து வண்டிலிலை போடுறவ. இந்த வெள்ளி வெறுங்கையோடை வந்து நிண்டு அழுதவ, வீட்டிலை கள்ளன் பூந்திட்டானாம்."