ஆந்தை ஃபிட்டரின் காற்றாடி

பதுளை முதல் பண்டாரவளை வரை பறவையைப் பார்க்காத மனிதர் கிடையாது. பார்த்த கையோடு, இதை எந்த மெஷினில் மாட்டலாம் என்று யோசித்தவர் ஆந்தை ஃபிட்டர் ஒருவர்தான். எங்கள் தேயிலை ஃபெக்டரியில் அவர் ஃபிட்டர், நான் கணக்கெழுதும் கிளாக்கர்.

மீன்கொத்தி பாய்ந்தால் தண்ணீர் தெறிக்காது என்பதற்காக, மோட்டார் சைக்கிளின் முன்னால் தகரத்தில் நீளமாக ஓர் அலகு மாட்டினார். காற்றைக் கிழித்துக்கொண்டு போகுமாம். தெமோதரை வளைவில் பக்கக்காற்று அந்த அலகைப் பிடித்துத் திருப்பிவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான். விழுந்த இடம் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டிய மலை. எந்தக் குச்சி எவ்வளவு கூர்மை என்று என்னிடம் கேளுங்கள்.

"அலகு சரிதாங்க கிளாக்கரய்யா. நீங்கதான் பாரம்" என்றார்.

சில வருஷத்துக்கு முன் அவர் மகள் செல்வி தலைப்பிரசவத்துக்கு வந்தாள். அவர்கள் குடியிருந்த லயத்தை ஒட்டினாற்போல் ஃபெக்டரியின் கொழுந்து வாட்டுகிற மாடி. அங்கே ராட்சதக் காற்றாடி இரைய, பிறந்த பேத்தி கண்ணை மூடவில்லை.

"இப்பிடியே இருந்தா வெள்ளிக்கெழமையே மாமியா வீட்டுக்குப் போயிருவேன்ப்பா" என்றாள் செல்வி.

மூன்று மாதம் பேத்தியை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆந்தை சத்தமில்லாமல் பறப்பதற்கு இறகோரத்துச் சீப்புப் பற்களும் காரணம் என்று போனில் பார்த்தார். தோட்டத்தை நடத்தும் துரையிடம் கெஞ்சி, காற்றாடி இறக்கைகளின் ஓரத்தில் ரப்பரைப் பல்பல்லாக வெட்டி ஒட்டினார். இரைச்சல் அடங்கியது. பேத்தி தூங்கினாள்.

வினை அங்கேதான். மாடிக்குப் பொறுப்பான மருதை காதால் வேலை செய்கிறவர். சத்தம் இல்லையென்றதும், காற்றாடி நின்றுவிட்டதென்று போய் ஸ்விட்சைத் தட்டினார். ஓடிக்கொண்டிருந்தது நின்றது. கொழுந்து சூடேறிச் சிவந்துபோனது.

"கழட்டு அந்த ஆந்தைய" என்றார் துரை. ஃபிட்டருக்கு அந்தப் பெயர் வந்தது அன்றைக்குத்தான்.

"பேன் ஓடுச்சுங்கய்யா. மருதைதான் நிப்பாட்டுனாரு."

"ஓடுற பேன், ஓடுறேன்னு சொல்ல வேணாமா?" என்றார் மருதை.

ஃபிட்டர் வீட்டுக்கு ஓடி, செல்வியின் சிவப்பு ரிப்பனைக் கொண்டுவந்து காற்றாடி வலையில் கட்டினார்.

"பறந்தா ஓடுது, தொங்குனா நின்னுருச்சு. இனிமே கண்ணால வேல பாருய்யா."

துரை சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார். கொழுந்து ஒழுங்காக வாடியது. செல்வி மூன்று மாதமும் இருந்தாள்.

அவள் பிள்ளையோடு பண்டாரவளை பஸ் ஏறிய மறுநாள், ஃபெக்டரி பழையபடி அலறியது. மாடிக்கு ஓடினேன். உரித்துப்போட்ட ரப்பர் பற்களுக்கு நடுவே ஃபிட்டர் உட்கார்ந்திருந்தார்.

"நல்லாத்தானே இருந்துச்சு, ஏன் கழட்டுனீங்க?" என்று அவர் காதருகே கத்தினேன்.

"வீட்டுல சத்தமே இல்லீங்க, கிளாக்கரய்யா."

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நல்லவேளை, அந்த இரைச்சலில் யாரும் ஆறுதல் சொல்ல முடியாது.