பிறைக்கு வேலைக்கு வந்த பூனை

அலுவலகத்தில் நன்றாக வேலை செய்கிறவர்களோடு ஒரே வீட்டில் வாழ்வது கஷ்டம். இதை என் கணவர் சார்பில் நான் சொல்கிறேன். அவராகச் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை.

பிறை என்ற ஊரில் மின்னணுப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. (இந்தக் கதைக்குப் பிறகும் என்னை வைத்திருக்கிறார்கள் என்றால் அது அவர்களுடைய பெருந்தன்மை.) வீடு கடல் பாலத்துக்கு இந்தப் பக்கம், தீவில், ஜெலுத்தோங்கில். தினமும் காலையில் பாலத்தைக் கடந்து போய், மாலையில் திரும்பி வருவேன்.

எங்கள் தொழிற்சாலையில் 'ஃபைவ் எஸ்' என்று ஒரு வழக்கம் உண்டு. ஜப்பானில் இருந்து வந்தது. வேண்டாததை அகற்று, வேண்டியதை அதற்குரிய இடத்தில் வை, துடை என்று வரிசையாகப் போகும். வேண்டாத பொருளைக் கண்டால் அதன்மேல் ஒரு சிவப்பு அட்டையை ஒட்ட வேண்டும். ஒரு வாரத்துக்குள் யாரும் அந்தப் பொருளுக்காக வாதாடவில்லை என்றால் அது குப்பைக்கு. அந்தச் சிவப்பு அட்டை மேல் எனக்கு ஒரு கிறுக்கே பிடித்திருந்தது. எட்டு வருடங்களுக்கு முன்னால் ஒருநாள், ஒரு கட்டு அட்டையை வீட்டுக்கே கொண்டு வந்துவிட்டேன்.

முதல் வாரத்தில் நரம்பறுந்த பூப்பந்து மட்டை போனது. மூடியில்லாத டப்பாக்கள் போயின. என் கணவர் மோகன் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தூங்கி எழுந்து, தன்மேல் அட்டை இருக்கிறதா என்று சட்டைப் பையைத் தடவிப் பார்த்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். (பொய். முதுகைத்தான் தடவினார்.)

கார் நிறுத்தும் முற்றத்தை ஒழுங்குபடுத்தும் முறை வந்தபோதுதான் கோப்பியின் விஷயம் வந்தது. கோப்பி என்பது ஒரு பூனை. பழுப்பு நிறம், வால் நுனி மடங்கியிருக்கும். எங்கிருந்தோ ஒரு மழைக்காலத்தில் வந்து, எங்கள் முற்றத்தில் தங்கிவிட்டது. மோகன் பசாரில் மீன் வைக்கும் வெள்ளைத் தெர்மோக்கோல் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, கழுவி, பக்கவாட்டில் வட்டமாக ஓட்டை போட்டு, மேலே பழைய தேர்தல் பேனரைச் சுற்றி, அதற்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்திருந்தார். தேர்தலில் தோற்ற ஒருவரின் முகம் பூனை வீட்டுக் கூரையில் இருந்து தெருவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் கண் உறுத்தியது.

"பூனை வெளிய வாழப் பொறந்த ஜீவன்ங்க. வீடு கட்டிக் குடுத்தா சோம்பேறி ஆயிரும்" என்றேன்.

"வெளியன்னா மழையில நிக்கணும்னு சட்டமா கலா?"

"ஒதுங்கறதுக்கு ஊர்ல எடமா இல்ல?"

"நெறைய இருக்கு. அது நம்ம வீட்டத்தானே தேடி வந்திருக்கு."

அப்போது எட்டு வயதான என் மகள் யாழினிக்கு எங்கள் இருவர் கட்சியும் பிடிக்கவில்லை. "பாவம்லா அது. என் ரூம்ல படுத்துக்கட்டும்மா" என்றாள். பூனைக்கு உள்ளே இடமா வெளியே இடமா என்று ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று கொள்கை. பூனையை மட்டும் யாரும் கேட்கவில்லை.

நான் அட்டையை எழுதினேன். பொருள்: பூனைப் பெட்டி. பயன்: இல்லை. முடிவு: அகற்றவும். மறுநாள் பார்த்தால், கீழே பென்சிலால் 'பயன் இருக்கு' என்று எழுதி, ஒரு பூனைப் படமும் வரைந்திருந்தாள் என் மகள். ஆதாரம் இணைக்கப்படவில்லை என்று அந்த மேல்முறையீட்டை நிராகரித்தேன். (பெற்ற பிள்ளையிடம்.) வாரம் முடிந்ததும் பெட்டியை எடுத்துக் குப்பைத் தொட்டி அருகே வைத்தேன்.

கோப்பி இரண்டு நாள், பெட்டி இருந்த அதே இடத்தில், வெறும் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருந்தது. வயிறு பெருத்திருந்தது. "தின்னு தின்னு கொழுத்துப் போச்சு" என்றேன். ஒரு பிள்ளை பெற்றவள் நான். அந்த வயிற்றைப் பார்த்து எனக்குத் தோன்றியது இவ்வளவுதான். பத்து நாள் கழித்து அது ஒட்டிய வயிற்றோடு வந்து நின்றது. "பாத்தீங்களா, வெளிய ஓடியாடி எளச்சிருச்சு" என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். மோகன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தட்டில் கொஞ்சம் அதிகமாகவே மீன் வைத்தார்.

மேலும் இரண்டு வாரம் போயிருக்கும். ஜப்பானில் இருந்து எங்கள் பெரிய வாடிக்கையாளரின் ஆடிட்டர் வரும் நாள். அதற்கு முந்தைய மாலை, பதற்றம் தாங்காமல், வீட்டு முற்றத்தைக் குழாய்த் தண்ணீர் பீய்ச்சிக் கழுவித் தள்ளினேன். (பதற்றம் வந்தால் சிலர் சாப்பிடுவார்கள். நான் கழுவுவேன்.)

காலையில் ஏழு மணிக்குக் காரை எடுத்தேன். பாலத்தில் ஏறியதும் எங்கிருந்தோ 'கீ... கீ...' என்று ஒரு சத்தம். ஃபேன் பெல்ட் தேய்ந்துவிட்டது, சனிக்கிழமை பட்டறையில் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். சத்தம் கூடியது. நான் வானொலியைக் கூட்டினேன்.

ஆடிட்டர் வெள்ளைத் தலை, மெலிந்த உருவம், சின்ன நோட்டுப் புத்தகம். கூட்ட அறையில் உட்கார்ந்து எங்கள் கோப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பத்து மணிக்கு என் கைப்பேசி துடித்தது. வீட்டில் இருந்து. பள்ளி விடுமுறை என்பதால் அப்பாவும் மகளும் வீட்டில்தான். மூன்றாவது முறையும் அடித்ததும், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

"அம்மா, முத்தத்து ரேக்குல தீபாவளி வெளக்குன்னு எழுதி வச்சிருக்கியே, அந்தப் பெட்டி நனஞ்சிருக்கு. உள்ள மூணு குட்டி. கத்திக்கிட்டே இருக்கும்மா. கோப்பியக் காணோம்!" யாழினி அழுதுகொண்டிருந்தாள்.

மோகன் வாங்கிப் பேசினார். "நேத்து நீ பீச்சுன தண்ணி பெட்டிக்குள்ள போயிருச்சு கலா. குட்டிங்கள வேற எடத்துக்குத் தூக்கப் பாத்திருக்கும் போல. ராத்திரியில இருந்து பால் குடிச்ச மாதிரி தெரியல. தாய் வரலன்னா இதுங்க தாங்காது. நீ கெளம்பறப்ப எங்கயாச்சும் பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. ஆனால் பாலம் முழுக்கக் கேட்டிருந்தேன்.

கார் நிறுத்தும் இடத்துக்கு ஓடினேன். காவலுக்கு நின்ற பெருமாள் அண்ணன் கூடவே ஓடி வந்தார்.

"அண்ணே, பானெட்ட எப்படித் தொறக்கறது?"

"ஏன் தங்கச்சி, காடி சூடாயிருச்சா?"

"உள்ள பூனை இருக்குண்ணே."

அவர் என்னைப் பார்த்தார். "ஆடிட் அன்னிக்கா?"

திறந்தோம். பாட்டரி பக்கத்தில், கைப்பிடி அளவுக்கு ஒரு குட்டி, கரி பூசிய முகத்தோடு, வாயைப் பெரிதாகத் திறந்து கத்தியது. தாய் இல்லை. ஈரமில்லாத இடம் தேடிக் குட்டிகளை ஒவ்வொன்றாக இங்கே கொண்டுவரத் தொடங்கியிருக்கிறது. முதல் குட்டியை வைத்த கையோடு நான் சாவியைத் திருகியிருக்கிறேன். பாலத்தில் அத்தனை லாரிகளுக்கு நடுவில் தாய் எங்கே விழுந்ததோ என்று நினைத்ததும் அங்கேயே அழுதுவிட்டேன்.

"அழாத லா. காலையில ஒரு பூனை லோடிங் பக்கம் ஓடுச்சு. வாலு மடங்குன பூனை. இங்க சுத்துற பூனைன்னு நெனச்சேன்" என்றார் பெருமாள் அண்ணன்.

குட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, லாரியில் சரக்கு ஏற்றும் இடத்துக்குப் போனேன். அங்கே நின்ற லாரிக்கு அடியில் தரையோடு தரையாகப் படுத்து, "கோப்பி! கோப்பிம்மா!" என்று கூப்பிட்டேன். மியாவ் என்றும் கத்தினேன். ஒருமுறை அல்ல. ஆடிட்டுக்கென்று தைத்த புது நீலக் கோட்டு லாரி எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தது.

அப்போது என் தலைக்கு நேரே மூன்று ஜோடி காலணிகள் வந்து நின்றன. பத்தரை மணிக்குச் சரக்கு ஏற்றும் இடத்தைப் பார்வையிடுவது என்று அட்டவணையில் இருந்தது. அட்டவணையைத் தயாரித்தவள் நான்.

"கலா?" என் மேலாளர் லிம் குனிந்து பார்த்தார். "வாட் ஆர் யூ டூயிங் லா?"

நான் பதில் யோசிப்பதற்குள் என் கையில் இருந்த குட்டி, தன் பலத்தையெல்லாம் சேர்த்து ஒரு கத்துக் கத்தியது. அவ்வளவுதான். ஒசாகாவுக்குப் போகத் தயாராக அடுக்கியிருந்த பெட்டிகளின் உச்சியில் இருந்து கோப்பி குதித்தது. ஆடிட்டரின் இரண்டு கால்களுக்கு நடுவே புகுந்து, என் கைக்கு வந்து, குட்டியின் முகத்தை நக்க ஆரம்பித்தது.

ஆடிட்டர் குனிந்து பார்த்தார். பிறகு நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதினார். "இந்தப் பூனை உங்கள் நடைமுறைக் கையேட்டில் இருக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை. இது என் பூனை" என்றேன். அன்றுவரை அதை நான் 'அந்தப் பூனை' என்றுதான் சொல்லியிருந்தேன். "வீட்டில் இன்னும் மூன்று குட்டிகள் பசியோடு இருக்கின்றன. தவறு என்னுடையது."

அவர் நோட்டை மூடினார். லிம்மைப் பார்த்து, "முதலில் அம்மா போகட்டும்" என்றார். எந்த அம்மாவைச் சொன்னார் என்று இன்றுவரை தெரியாது. லிம் என்னைப் பார்த்துக் கையை வீசினார். "கோ லா, கோ, கோ!"

காலி அட்டைப் பெட்டியில் தாயையும் குட்டியையும் வைத்து, பக்கத்து இருக்கையில் பெல்ட் போட்டு நிறுத்தினேன். பாலத்தில் அவ்வளவு மெதுவாக நான் ஓட்டியதே இல்லை. பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்கள். "மன்னிச்சிரு கோப்பி, எனக்குத் தெரியலடி" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தேன். அது ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை. எனக்கு அது நியாயமாகவே பட்டது.

வீட்டு முற்றத்தில் மோகன் மூன்று குட்டிகளையும் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் அந்தத் தெர்மோக்கோல் பெட்டி. நான் தூக்கிப் போட்ட அன்றே அதை எடுத்துப் பின்கட்டில் ஒளித்து வைத்திருக்கிறார். தேர்தலில் தோற்றவர் அதே சிரிப்போடு இருந்தார். கோப்பி குட்டியைக் கவ்விக்கொண்டு உள்ளே போனது. மற்ற மூன்றையும் மோகன் உள்ளே விட்டார். நாலும் முட்டி மோதிப் பால் குடிக்கிற சத்தம் கேட்டது. யாழினி மட்டும் என்னோடு மறுநாள்வரை பேசவில்லை.

ஆடிட் அறிக்கை வந்தது. ஒரே ஒரு குறைபாடு: சரக்குப் பகுதியில் பூனை. காரணத்தைக் கண்டுபிடித்து எழுத்தில் தர வேண்டும். அதற்கு எங்கள் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. 'ஏன்' என்று ஐந்து முறை கேட்க வேண்டும். ஐந்தாவது பதில்தான் மூல காரணம். நான் உட்கார்ந்து எழுதினேன்.

ஏன் பூனை சரக்குப் பகுதிக்கு வந்தது? அதிகாரியின் காரில் வந்தது. ஏன் காரில் ஏறியது? குட்டிகளுக்கு ஈரமில்லாத இடம் தேடியது. ஏன் அதற்கு இடமில்லை? அதன் பெட்டி அகற்றப்பட்டது. ஏன் அகற்றப்பட்டது? பயனற்றது என்று முடிவு செய்யப்பட்டது. ஏன் அப்படி முடிவு செய்யப்பட்டது?

ஐந்தாவது கட்டத்தின் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திருத்த நடவடிக்கை: பெட்டி திரும்ப வைக்கப்பட்டது, காரை எடுக்குமுன் பானெட் தட்டிப் பார்க்கப்படும். ஆடிட்டர் ஏற்றுக்கொண்டார். ஆனால், நிறைவேற்றியதற்குப் புகைப்பட ஆதாரம் கேட்டார். பெட்டிக்குள் கோப்பியும் நான்கு குட்டிகளும் இருக்கும் படம் ஜப்பானில் ஏதோ ஒரு கோப்பில் இன்றும் இருக்கிறது.

அந்தப் படிவத்தின் நகலை வீட்டுக்குக் கொண்டுவந்ததுதான் நான் செய்த கடைசித் தவறு. அப்பனும் மகளும் அதைப் படித்துவிட்டார்கள். எட்டு வருடமாக எங்கள் வீட்டில் சாம்பார் அடிப்பிடித்தாலும், கரண்ட் போனாலும், யாழினி முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு 'ஏன்' என்று ஆரம்பிப்பாள். எங்கே ஆரம்பித்தாலும் ஐந்தாவது ஏனுக்குள் அது என்னிடம் வந்து நிற்கும். போன தீபாவளிக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் இதை விளையாடிப் பார்த்தார்கள். மைத்துனரின் கார் பழுதானதற்குக்கூட நான்தான் மூல காரணம் என்று நிரூபித்தார்கள்.

மூன்று குட்டிகளுக்கு நல்ல வீடு கிடைத்தது. பாலம் கடந்து வந்த குட்டி எங்கள் வீட்டுக்குள் வளர்கிறது. வெளிக்கதவைத் திறந்தால் கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளியும். கோப்பி இன்னும் முற்றத்தில்தான். எத்தனை முறை தூக்கி உள்ளே விட்டாலும், சுற்றிப் பார்த்துவிட்டு விருந்தாளி மாதிரி கிளம்பிப் போய்விடும். இப்போது அதற்கு வயதாகிவிட்டது. நடை தளர்ந்துவிட்டது.

போன வாரம் நல்ல மழை. நான் வாசற்கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். சாரல் உள்ளே அடித்து, நான் துடைத்த தரையெல்லாம் நனைந்தது. யாழினி பின்னால் வந்து நின்றாள்.

"ஏன்மா கதவு தொறந்திருக்கு?"

"கோப்பி உள்ள வரட்டும்னு."

"ஏன், அதுக்குத்தான் பெட்டி இருக்கே?"

"இடி இடிக்குதுல்ல, பயப்படும்."

"ஏன், இத்தன வருஷம் பயப்படலயா?"

"அப்ப வயசு இருந்துச்சு."

"ஏன், இப்ப என்னாச்சு?"

"முடியலடி அதுக்கு."

"அதுக்கு முடியலன்னா நீ ஏன்மா அழுவுற?"

பெட்டிக்குள் கோப்பி எங்களைப் பார்த்துவிட்டு, சுகமாகத் திரும்பிப் படுத்தது. உள்ளே, பேப்பரில் இருந்து தலையை நிமிர்த்தாமலே மோகன் சொன்னார்:

"அஞ்சு ஆச்சு. அம்மா பேர எழுதிக்க."