இருநூற்று நாற்பது மில்லி காணவில்லை

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொண்டது. அங்கே எல்லோரும் நலமாகத்தான் இருப்பீர்கள். வேண்டிய மட்டும் தண்ணீர் குடிக்கிறவர்களுக்கு நலத்துக்கு என்ன குறைச்சல்? இங்கே என் நிலைமையைக் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். வராவிட்டால் எனக்கு உங்கள் மேல் கோபம் வரும்.

என் இதயம் சரியாக வேலை செய்யவில்லை, அதனால்தான் கால் வீங்கிச் செருப்புக்குள் நுழைய மறுக்கிறது, ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு மில்லிக்கு மேல் தண்ணீர் உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னபோது நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். அன்றைக்கே கடைக்கு ஓடி, உள்ளே கோடு போட்ட ஸ்டீல் ஜக் ஒன்றை வாங்கிவந்து, “அக்கா, காலையில இந்தக் கோடு வரைக்கும் ஊத்தி மூடிக் குடுத்துடு, அத்தான் நாள் பூரா அதையே வச்சுக்கட்டும்” என்று சொன்ன புண்ணியவானும் நீங்கள்தான். நாற்பத்தொரு நாளாக அந்த ஜக்கைத் தவிர ஒரு சொட்டு வெளியே தொட்டவனில்லை நான். டீயைக்கூட விட்டேன். ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் ஜக் காலி! நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. முப்பத்திரண்டு வருஷம் தண்ணீர் வாரியத்தில் அளவுகோலும் கையுமாகத் தொட்டி தொட்டியாக ஏறி இறங்கியவன் நான். ஓர் அங்குலம் குறைந்தால் பம்ப் ஆபரேட்டரை உண்டு இல்லை என்று ஆக்கியவன். அப்பேர்ப்பட்டவனிடமே தண்ணீரில் கைவரிசை காட்டினால் சும்மா இருப்பேனா?

முதலில் உங்களைத்தான் சந்தேகப்பட்டேன். மலிவு ஜக், கோடு பொய் என்று நினைத்தேன். அதற்கு மன்னிப்பெல்லாம் கேட்கப்போவதில்லை. இன்று காலை உங்கள் அக்கா ஜக்கை நிரப்பி வைத்துவிட்டு வெளியே கிளம்பியதும் இருமல் மருந்து பாட்டிலின் மூடியைக் கழுவி எடுத்தேன். கோடு வரை ஊற்றினால் சரியாகப் பத்து மில்லி. ஜக்கிலிருந்து மூடிக்கு, மூடியிலிருந்து பாத்திரத்துக்கு என்று ஒவ்வொன்றாக எண்ணி ஊற்றினேன். எழுபத்து மூன்றாவது மூடியில் மாடி வீட்டுக்காரர் கதவைத் தட்டி, “சார், லிஃப்ட் ரிப்பேரு, தெரியுமா?” என்றார். எனக்கு எழுபத்து மூன்று மறந்துபோனது. அவரை நன்றாகத் திட்டி அனுப்பிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். நூற்று இருபத்தாறு மூடியோடு ஜக் வற்றிவிட்டது. ஆயிரத்து இருநூற்று அறுபது மில்லிதான்! கோபத்தில் ஜக்கைக் கவிழ்த்தால் உள்ளேயிருந்து உருண்டு வந்து விழுகிறது ஒரு கண்ணாடி உருண்டை. தினமும் கடகடவென்று சத்தம் கேட்டும் மூடிதான் லூஸ் என்று நம்பியிருக்கிறேன், என் புத்தியை என்ன சொல்ல! அது என்ன உருண்டை தெரியுமா? நான் ரிட்டயர் ஆனபோது ஆபீசில் கொடுத்த பேப்பர்வெயிட். ‘அளவு தவறாதவருக்கு அன்புடன்’ என்று அதில் பொறித்திருக்கிறது.

விடுவேனா? ஒரு தட்டில் கிண்ணத்தை வைத்து விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, மட்டம் பார்க்கத் தரையில் முழங்காலிட்டுக் குனிந்தேன். மூக்குக்கண்ணாடி கிண்ணத்துக்குள் விழுந்து ஒன்றரை மூடித் தண்ணீரை வெளியே தள்ளியது. அதையும் அளந்து வைத்திருக்கிறேன், யாராவது கேட்டால் சொல்லலாம். மறுபடி நிரப்பி, உருண்டையை மெதுவாக இறக்கி, தட்டில் வழிந்ததை அளந்தேன். இருபத்து நாலு மூடி, இருநூற்று நாற்பது மில்லி! திருட்டுப்போனதும் அதே இருநூற்று நாற்பது. நாற்பத்தொரு நாளைக்குப் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய ஒரு பக்கெட் தண்ணீர்!

எழுந்திருக்க முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டு தரையிலேயே கிடந்தபோது உங்கள் அக்கா வந்து சேர்ந்தாள்.

“கீழ என்ன பண்றீங்க?”

“இது யார் வேலை?” என்று உருண்டையைக் காட்டினேன்.

“என் வேலைதான். எந்திரிங்க மொதல்ல.”

“ஏன்டி போட்ட?”

“என்கிட்ட ஏன் கேக்கறீங்க? பால்கனில பூவாளி இருக்கு, அதுகிட்ட கேளுங்க” என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். பதிலா இது? அந்தப் பூவாளியில் செடிகளுக்கு ஊற்றத் தினமும் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து நிரப்புகிறாள் மாப்பிள்ளை! ரோஜாவுக்குக் காய்ச்சின தண்ணீர், கட்டின புருஷனுக்குக் கண்ணாடி உருண்டை. வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நேரில் வந்து நியாயம் கேட்டே ஆகவேண்டும். வராவிட்டால் உங்கள் வீட்டு வாசல்படியை இனி மிதிக்கமாட்டேன்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். உங்களுக்கு இப்போதைக்குக் கிடையாது.

இப்படிக்கு,
தாகத்துடன்,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன், எதற்கும் இருக்கட்டும் என்று பூவாளிக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே நகச்சாயத்தில் இரண்டு கோடுகள். மேல் கோட்டுக்குப் பக்கத்தில் ‘3 மணி’, கீழ்க் கோட்டுக்குப் பக்கத்தில் ‘4 மணி’ என்று எழுதியிருந்தது. இரண்டுக்கும் நடுவே மருந்து மூடியால் ஊற்றிப் பார்த்தேன். இருபத்து நாலு. மாப்பிள்ளை, மேலே ‘ஒரு சொட்டு வெளியே தொட்டவனில்லை’ என்று எழுதியதை அடித்துவிடுங்கள். அவள் குட்டித் தூக்கம் போடும் அந்த ஒரு மணி நேரத்தில் செடிக்கு ஊற்றும் சாக்கில் பூவாளியின் மூக்கில் வாய்வைத்துக் குடித்துவந்தேன். அவள் தூங்கவேயில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. காய்ச்சின தண்ணீர் எந்தச் செடிக்கு என்பதும்.

இன்னொன்று, இரண்டு நாள் கழித்து (கடிதம் இன்னும் மேசைமேல்தான் கிடக்கிறது): நேற்றும் இன்றும் நான் பூவாளியைத் தொடவில்லை. தாகம் உயிரை வாங்குகிறது, ஆனாலும் தொடவில்லை. இன்று மாலை ஆறு மணி ஆகியும் ஜக்கில் தண்ணீர் இருந்தது. கடகட சத்தமும் இல்லை. உருண்டையை வீடெல்லாம் தேடினேன். மேசைமேல், இந்தக் கடிதம் பறக்காமல் இருக்க, இதன்மேல் வைத்திருக்கிறாள்.