ஒரு கம்பிப் பதத்தில் ஒரு தொப்பி

ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி, சனிக்கிழமை, மாலை நான்கே முக்கால் மணி. கடலூர் முதுநகரில், எங்கள் வீட்டுச் சமையலறையில், நான் சீனிப்பாகு காய்ச்சிக்கொண்டிருந்தேன். கடிகாரத்தைப் பார்த்தபடியே காய்ச்சியதால்தான் நேரம் நினைவில் நிற்கிறது. பாகு ஒரு கம்பிப் பதத்துக்குப் போய்விடக் கூடாது. அதற்குச் சற்று முன்பே இறக்கிவிட வேண்டும். மறுநாள் சிதம்பரத்தில் என் அக்கா பர்வீனுக்கு நிகாஹ். ஆனால் அந்தப் பாகு எந்தப் பலகாரத்துக்காகவும் அல்ல. மாப்பிள்ளை அணியவிருந்த தொப்பிக்காக.

(தொப்பிக்கா என்று நீங்கள் கேட்பது நியாயம். அன்று அப்படிக் கேட்க அடுப்படியில் யாரும் இல்லை.)

நான் அதிகம் பேசாதவள். சிதம்பரத்தில் தமிழ் இலக்கியம் முதுகலை படிக்கிறேன். சொற்களைப் பற்றி நிறையப் படிப்பதனாலோ என்னவோ, அவற்றைச் செலவழிக்க மனம் வருவதில்லை. வாய் செய்ய மறுக்கும் வேலையை என் கை செய்யும். பள்ளி நாட்களிலிருந்து கையில் ஒரு குரோஷா ஊசி. நான் பின்னுபவை பெரும்பாலும் தொழுகைத் தொப்பிகள். வெள்ளிக்கிழமை ஜுமுஆ தொழுகை முடிந்து எங்கள் தெரு ஆண்கள் திரும்பி வரும்போது, வாசலில் நின்று பார்த்தால், யார் முகத்தையும் பார்க்காமல், தொப்பியை வைத்தே யார் வருகிறார்கள் என்று என்னால் சொல்ல முடியும்.

அக்கா எனக்கு நேர் எதிர். அவள் பேசுவாள், எனக்கும் சேர்த்துப் பேசுவாள். நூல் கடையில் "இந்த வெள்ளை இல்லீங்க, பால் வெள்ளை" என்று எனக்காக வாதாடுவது அவள். அத்தாவிடம் எனக்காகக் கல்லூரிச் சுற்றுலாவுக்கு அனுமதி வாங்குவது அவள். அப்படிப்பட்டவள் வீட்டை விட்டுப் போகிறாள் என்றால் ஏதாவது சொல்ல வேண்டும். வாசகங்களை மனத்துக்குள் பலமுறை அமைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இலக்கணம் சரியாக இருந்தது. எதுவும் தொண்டையைத் தாண்டவில்லை. ஆகவே ஒரு தொப்பியாகச் சொல்லிவிடலாம் என்று தீர்மானித்தேன்.

மாப்பிள்ளை வீட்டில் ஜரிகைத் தலைப்பாகை ஒன்றை ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார்கள். அக்கா அதை ஒரே போனில் முடித்துவிட்டாள். "அதெல்லாம் வேணாங்க. என் தங்கச்சி பின்றா. அவ தொப்பியப் போட்டுக்கிட்டு வந்தாதான் நான் சம்மதம் சொல்வேன்." பாதி விளையாட்டு, பாதி உண்மை. மாப்பிள்ளை ரியாஸ் மச்சான் சிதம்பரத்தில் மருந்துக் கடை வைத்திருப்பவர், சாந்தமானவர். டேப் கிடைக்காமல் செல்போன் சார்ஜர் ஒயரைத் தலையில் சுற்றி, பிறகு அந்த ஒயரை ஸ்கேலில் வைத்து, சென்டிமீட்டர் கணக்கு அனுப்பினார். ஆராய்ந்து பார்த்ததில், எங்கள் வீட்டு எவர்சில்வர் பால் தூக்கின் சுற்றளவும் அதே கணக்கு. (மச்சானிடம் இதை இன்றுவரை யாரும் சொல்லவில்லை.)

மச்சானின் பெரியம்மா மட்டும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. வெற்றிலை மாற்ற வந்த அன்றே என்னைத் தலை முதல் கால் வரை பார்த்து, "நல்லாத்தான் பின்னுவே. ஆனா மாப்புள்ள தலை தொவண்டு போய் இருக்கக் கூடாது பாரு. தலைப்பாகைய நான் கையோட எடுத்துட்டு வர்றேன். சொதப்புச்சுன்னா மாத்திக்கலாம்" என்றார்.

துவண்டு போகக் கூடாது. அந்த ஒரு சொல்தான் என்னைச் சீனியில் கொண்டுபோய்த் தள்ளியது. வழக்கமாக என் தொப்பிகளை ஜவ்வரிசிக் கஞ்சியில் முக்கி, தூக்கின் மேல் கவிழ்த்து உலர்த்துவேன். அந்த வாரம் கடற்காற்றில் ஈரம் ஜாஸ்தி. சோதனைக்காக உலர்த்திய பழைய தொப்பி காலையில் பழுப்பேறி, புளித்த மாவின் வாசனையோடு கிடந்தது. இணையத்தில் தேடினேன். வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர், பின்னல் வேலையைச் சீனிப்பாகில் முக்கி உலர்த்துவது தங்கள் ஊரின் பழைய முறை என்று விளக்கினார். பின்னல் கூடை ஒன்றை அப்படி விறைக்க வைத்து, அதற்குள் முட்டைகளை அடுக்கியும் காட்டினார். கூடை அசையவில்லை. இரண்டு பக்கக் கட்டுரைக்கு மூன்று மேற்கோள் தேடுகிற நான், இந்த ஒரு சான்றை அப்படியே ஏற்றுக்கொண்டேன். அவருக்குப் பின்னால் ஜன்னலுக்கு வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. அதையும் பார்த்தேன், அழகாக இருக்கிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

தொப்பி தூக்கின் மேல் உலரத் தொடங்கிய சற்று நேரத்துக்கெல்லாம் முதல் எறும்பு வந்தது. நான் தூக்கை ஒரு தாம்பாளத்தில் வைத்து, சுற்றிலும் தண்ணீர் ஊற்றினேன். அம்மா பார்த்துவிட்டு, "என்னாடி இது, தொப்பிக்கு அகழி வெட்டி வச்சிருக்க?" என்றார்.

"சும்மாம்மா."

உவமை, உருவகம், உள்ளுறை என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவள், எறும்பு தேடி வரும் தொப்பி என்கிற குறிப்பை மட்டும் வாசிக்கத் தவறிவிட்டேன்.

காலையில் தொப்பி பளிங்குபோல நின்றது. விரலால் சுண்டினால் 'டக்' என்றது. சிதம்பரம் போகும் வேனில் அதை ஒரு கேக் பெட்டிக்குள் வைத்து மடியில் ஏந்தியிருந்தேன். சிப்காட் ரசாயன ஆலைகளைக் கடக்கும்போது எல்லோரும் மூக்கை மூடிக்கொண்டார்கள்; நான் பெட்டியை மூடிக்கொண்டேன். அம்மாவின் தம்பி நஜீர் மாமா எட்டிப் பார்த்து ஒரு தட்டுத் தட்டினார். "ஏம்மா, இது தொப்பியா ஹெல்மெட்டா? ஐஎஸ்ஐ முத்திரை எங்க?"

நான் பெருமையோடு புன்னகைத்தேன். (என் வாழ்க்கையில் பெருமையாகப் புன்னகைத்த தருணங்கள் மிகச் சில. அவற்றில் ஒன்று இப்படி வீணாயிற்று.)

மண்டபத்தில் ஆண்கள் கீழே, பெண்கள் மாடியில். கேக் பெட்டியை நஜீர் மாமா மாப்பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். கீழே நடப்பதை மாடியில் காட்ட ஒரு பெரிய திரை வைத்திருந்தார்கள். அக்கா சிவப்பு முக்காட்டுக்குள் உட்கார்ந்திருக்க, ஒரு பக்கம் நான், மறு பக்கம் பெரியம்மா. பெரியம்மாவின் மடியில் ஒரு துணிப்பை, பைக்குள் தலைப்பாகை. சற்று முன்புதான் சாட்சிகளோடு வந்து அக்காவிடம் சம்மதம் கேட்டுப் போயிருந்தார்கள். அவள் சொல்லிவிட்டாள். இனி அவர் சொல்ல வேண்டும்.

திரையில் மாப்பிள்ளை தோன்றியபோது, "மாஷா அல்லாஹ், தொப்பி மசூதிக் கும்மட்டம் கணக்கா நிக்குதே" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. பெரியம்மா பையை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார். நான் வென்றுவிட்டேன்.

அப்போது வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றிருந்த பெரியவர் ஒருவர் மாப்பிள்ளையை வரவேற்றார். விருந்தினருக்கெல்லாம் ஒரு தெளிப்பு. மாப்பிள்ளைக்கு மட்டும் உரிமையோடு, அன்போடு, செம்பு காலியாகும் வரை தெளித்தார். பிறகு மேடை. ஷெர்வானி, கழுத்து நிறைய மாலை, முகத்துக்கு நேரே வீடியோக்காரரின் விளக்கு, வெளியே சித்திரை வெயில்.

முதல் துளி, நிகாஹ் நடத்திவைக்கும் அஜரத் குத்பா உரையை ஓதிக்கொண்டிருந்தபோது இறங்கியது. நெற்றியின் நடுவில் தோன்றி, வியர்வைக்கு இல்லாத நிதானத்தோடு, யோசித்து யோசித்து வந்தது. வீடியோக்காரர் கலை உணர்வு உள்ளவர். கேமராவை இன்னும் அருகே கொண்டுபோனார். மாடித் திரையில் அந்தத் துளி பலாச்சுளை அளவுக்குத் தெரிந்தது.

முக்காட்டுக்குள்ளிருந்து அக்கா கிசுகிசுத்தாள். "என்னாடி வடியுது அவுங்களுக்கு?"

"பன்னீர்."

"பன்னீரு இவ்ளோ கெட்டியாவா இருக்கும்?"

இரண்டாவது துளி இறங்கியது. தொப்பியின் உச்சி மெதுவாக உள்ளே குழிந்தது.

"ஷமீ, உண்மையச் சொல்லு. என்னத்தப் போட்டுத் தொலச்ச?"

"சீனி."

அக்காவின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. பெரியம்மா சட்டென்று அவளை அணைத்துக்கொண்டார். "அழாத கண்ணு. எல்லாப் பொண்ணும் ஒருநாளு அம்மா வீட்ட விட்டு வரவேண்டியதுதான். நாங்க இருக்கோம்ல?" அக்கா இன்னும் பலமாகக் குலுங்கினாள். சுற்றியிருந்தவர்கள் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். அவள் சிரிக்கிறாள் என்பது அந்த மாடியில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்து வந்தது ஈ.

எங்கள் வழக்கப்படி, ஒப்புதல் சொல்லும் நேரத்தில் பெண்ணின் தகப்பனாரும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து, இரு கைகளையும் கோத்துப் பிடித்துக்கொள்வார்கள். சொல்லி முடிக்கும் வரை விடக் கூடாது. அத்தா எதையும் முழுமையாகச் செய்பவர். மச்சானின் கைகளை இறுகப் பற்றியிருந்தார். ஈ புருவத்தில் உட்கார்ந்தது. மச்சான் புருவத்தை உயர்த்தினார். ஈ மூக்குக்கு நகர்ந்தது. இன்னொரு ஈ துணைக்கு வந்தது. மச்சான் கையை இழுத்துப் பார்த்தார், அத்தா விடவில்லை.

அஜரத் ஒலிபெருக்கியில், கணீரென்று, மாப்பிள்ளை தரும் மஹரின் விவரம் சொல்லி, இந்த நிகாஹை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார்.

மச்சான் தலையை இடமும் வலமுமாக, பலமாக ஆட்டினார்.

மாடி முழுவதும் மூச்சை இழுத்துக்கொண்டது. "ஐயையோ, வேணாங்குறாரே!" என்று பின்வரிசையில் ஒரு குரல். அம்மா எழுந்து நின்றுவிட்டார். அக்காவின் குலுங்கல் சட்டென நின்றது. அவள் கை என் கையைப் பிடித்தது. மருதாணி வைத்த அந்த விரல்கள் சில்லிட்டிருந்தன. எனக்காக எத்தனையோ பேரிடம் பேசியவள், தன்னுடைய ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டு, பதில் சொல்லுக்காகக் காத்திருக்கிறாள். அந்தப் பதிலை என் தொப்பி மறித்துக்கொண்டிருக்கிறது. எழுந்து, "அது ஈ! வெறும் ஈ!" என்று கத்த வேண்டும். வாக்கியம் தயார். எழுவாய், பயனிலை எல்லாம் இருந்தன. வாய் திறக்கவில்லை.

பெரியம்மா கீழே குனிந்து பையை எடுத்தார்.

திரையில், மச்சான் உதட்டோரம் வந்து சேர்ந்த துளியை நாக்கால் துடைத்தார். ஒரு கணம் அவர் முகம் குழம்பியது. மறு கணம் அந்தச் சாந்தமான முகத்தில், ஒரு கேள்விக்கு விடை கிடைத்த மாதிரி, சிரிப்பு பரவியது. ஒலிபெருக்கியின் பக்கம் குனிந்து, எல்லாத் திசைக்கும் கேட்கும்படி, "ஒப்புக்கொண்டேன்" என்றார்.

அக்கா என் கையை விட்டாள். அவள் நகங்களின் தடம் என் மணிக்கட்டில் மாலை வரை இருந்தது.

நிகாஹ் முடிந்ததும் பேரீச்சம்பழமும் சீனியும் வழங்குவது வழக்கம். தட்டு மச்சானிடம் வந்தபோது அவர், "எனக்கு வேணாம். மொதல்லயே வந்துருச்சு" என்றாராம். மேலே வந்து இதைச் சொன்ன நஜீர் மாமாவுக்கு மூச்சு வாங்கியது. அதன் பிறகே பெரியம்மாவுக்கு எல்லாம் விளங்கியது. என்னைத் திரும்பிப் பார்த்தார். மாடிக்கு வந்த தட்டிலிருந்து ஒரு பிடி சீனியை எடுத்தார். என் மேல் வீசப்போகிறார் என்றுதான் நினைத்தேன். வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே போட்டார். "தின்னு. ஒன் சீனிய எங்க வீட்டுப் புள்ள தின்னுட்டான். கணக்குச் சரியாப் போச்சு."

திரும்பும் வேனில் அக்காவின் இடம் காலியாக இருந்தது. பி.முட்லூர் தாண்டியதும் அம்மா, "ரேஷன் சீனியா, கடைச் சீனியா?" என்று கேட்டார்.

"கடைச் சீனி."

"நல்லவேள" என்றார்.

இப்போது மச்சான் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இது நடக்கிறது. அம்மா டீ போட்டுக்கொண்டே சீனி எவ்வளவு என்று கேட்பார். மச்சான் பதில் சொல்வதற்குள் மாமா குறுக்கிடுவார்: "அவருக்கு எதுக்கு சீனி? தொப்பியக் கழட்டி ஒரு முக்கு முக்குனாப் போதும்." பெரியம்மா தம் பங்குக்கு, ஊரில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் இந்தக் கதையைச் சொல்கிறார், அவர் சொல்லும் கதையில் ஈக்கள் தேனீக்களாகி வெகுநாளாகிறது.

இவையெல்லாம் பின்னால் வந்தவை. அன்று வீடு திரும்பியதும் நான் ஊசியையும் நூலையும் ஒரு பையில் கட்டி, பீரோவின் மேல் வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை, நான் அந்தப் பால் தூக்கில் ஒட்டியிருந்த பாகை வெந்நீர் விட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தபோது அக்கா போன் செய்தாள்.

"ஏய், ஒன் தொப்பிய ராத்திரி வெந்நீர்ல போட்டேன். சீனியெல்லாம் கரஞ்சு போய் மெத்துனு ஆயிடுச்சுடி. அவுங்க அதத்தான் போட்டுக்கிட்டு விடியக்கால பஜ்ருத் தொழுகைக்குப் போனாங்க."

"அதையா?"

"ஆமா. சஜ்தாவுல நெத்தியத் தரையில வைக்கும்போது வெறச்ச தொப்பியா இருந்தா முட்டித் தள்ளுமாம். இது அப்படியே படிஞ்சு குடுக்குதாம். இனிமே கஞ்சியும் வேணாம், ஒரு எழவும் வேணாம், இதே மாதிரி இன்னொண்ணு பின்னித் தரச் சொல்றாங்க."

இத்தனை ஆண்டுகளாகத் தொப்பி பின்னுகிறேன். அது தலையில் நிற்பதைப் பற்றியே யோசித்திருக்கிறேன். தலை குனியும்போது அது என்ன செய்யும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நாற்காலி மேல் ஏறிப் பையை இறக்கினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து முதல் சங்கிலிப் பின்னலைப் போட்டேன். அக்கா புது வீட்டின் குழாயைப் பற்றி, பெரியம்மாவின் குறட்டையைப் பற்றி, எதை எதையோ பேசிக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கட்டத்தில் அவளுக்கும் பேச்சு தீர்ந்தது. ஆனால் போனை வைக்கவில்லை.

முதல் சுற்று முடியும் நேரத்தில், "பின்ற சத்தம் கேக்குதுடி" என்றாள்.

குரோஷா ஊசிக்குச் சத்தமே கிடையாது.