வாசற்படியில் பரங்கிக்காய்

தார்னுவ்,
வியாழக்கிழமை

மதிப்புக்குரிய மச்சான் யூகிமுக்கு,

உன் அக்கா புருஷன் பனாஸ் எழுதுவது. நானும் உன் அக்கா மோத்ரியாவும் உடம்பளவில் சுகம். பொல்தாவாவில் நீயும், உன் பெண்டாட்டியும், உங்கள் ஆடும் குண்டுக்கும் குளிருக்கும் தப்பிச் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன். விஷயம் இதுதான். உன் பின்னறையில் கிடக்கும் உருளைக்கிழங்கு மூட்டைகளை உடனே அப்புறப்படுத்து. நாங்கள் வந்தாலும் வருவோம்.

போருக்குப் பயந்து ஓடிவந்தவர்கள் இனி நிரந்தரமாகவே தங்கிக்கொள்ளலாம் என்று இங்கே போலந்தில் சட்டம் போட்டுவிட்டார்கள் என்று உனக்கு எழுதியிருந்தேன் அல்லவா? அதற்கு ஒரு படிவம். மூன்று வருஷமாக இவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள் என்று வீட்டுக்காரர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். நாளை வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் மார்ச் மாதத்தோடு நாங்கள் இங்கே தங்கும் அனுமதி முடிந்தது, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஊரில், இஸ்யூமில், எங்கள் வீட்டில் குண்டு விழுந்து மிச்சமிருப்பது இரண்டு சுவர். உன் அக்காவின் நெஞ்சுக்கு வைத்தியம் நடப்பதோ இந்த ஊரில். எனக்குப் பயமாக இருக்கிறது யூகிம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை நல்ல கோட்டை மாட்டிக்கொண்டு, மாடியில் இருக்கும் வீட்டுக்கார ஹாலினா அம்மாளிடம் படிவத்தைக் கொடுத்தேன். எழுபத்திரண்டு வயது, தனிக்கட்டை, எதிலும் அவசரமே கிடையாது. "எதையும் ரெண்டு தரம் படிக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன் பனாஸ் ஐயா. மகன் வரட்டும், அவனையும் ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்றாள். சரி, கேட்கட்டும் என்று கீழே வந்தேன். செவ்வாய்க்கிழமை அந்த மகன் காரில் வந்து இறங்கினான். வந்தவன் வணக்கம்கூடச் சரியாகச் சொல்லாமல், நாங்கள் இருக்கும் அறைக்குள் நுழைந்து, டேப்பை இழுத்து இழுத்து அளந்தான். "எதுக்குத் தம்பி?" என்றேன். "அம்மா சொல்லுவாங்க" என்று போய்விட்டான். உன் அக்கா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். வேறு ஆளுக்கு வாடகைக்கு விடப் போகிறார்கள் என்று இருவருக்கும் தோன்றியது.

புதன்கிழமை காலை கதவைத் திறக்கிறேன், வாசற்படியில் ஒரு பரங்கிக்காய்! சீட்டு இல்லை, பேச்சு இல்லை, பரங்கிக்காய் மட்டும். பெண் கேட்டுப் போனவன் கையில் நம்மூரில் பரங்கிக்காயைக் கொடுத்தனுப்பினால் என்ன அர்த்தமென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீயே இரண்டு வாங்கியவன். "போடா, உனக்கு இங்க ஒண்ணும் கிடையாது" என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? உன் அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "மூணரை வருஷம் அந்தம்மா வாசல் பனியையும் சேர்த்து வாரினீங்களே, அதுக்கு இதுதான் மரியாதையா!" என்று ஒரே அழுகை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பெட்டி இரண்டையும் இறக்கினேன். ஒன்றில் பிடி இல்லை.

இன்று காலை பொறுக்கமாட்டாமல் பரங்கிக்காயை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு மாடியேறி, அவள் மேஜைமேல் தொம்மென்று வைத்தேன். "அம்மா, வேண்டாம்னா வாயைத் திறந்து வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். நாங்க மானமுள்ளவங்க" என்றேன். அவள் முகம் வெளுத்துப்போயிற்று. "எங்க தோட்டத்துக் காய்யா! ஒரு காயை வாங்கிக்கக்கூட உங்களுக்கு மனசில்லையா? அப்படி என்ன செஞ்சிட்டேன் நான்?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். படிவம் உள்ளே, நான் வெளியே. கோபம் இருந்த இடத்தில் குழப்பம் வந்து உட்கார்ந்துகொண்டது. மாலை இரண்டு முறை தட்டினேன், திறக்கவில்லை. நாளை பன்னிரண்டு மணிக்கு எல்லாம் முடிந்தது மச்சான். என் வாயால் கெட்டேன் என்று உன் அக்கா சொல்கிறாள், அதையும் மறுக்க முடியவில்லை.

உன் வீட்டாருக்கு எங்கள் ஆசி. ஆட்டைப் பின்னறைப் பக்கம் விடாதே. கட்டில் தேவையில்லை, தரையே போதும்.

உன் அன்புள்ள,
பனாஸ்

பி.கு. (வெள்ளி, காலை பத்தரை) மேலே எழுதியது எதையும் நம்பாதே, மூட்டைகள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். காலையில் ரொட்டி வாங்கப் போன ஹாலினா அம்மாள் கடையில் நிற்கும் நம்மூர்ப் பெண்ணிடம் பரங்கிக்காய்க்கு என்ன அர்த்தம் என்று விசாரித்திருக்கிறாள். "பனாஸ் ஐயா, இந்த வயசுல நீங்க என்னைப் பொண்ணு கேட்டு, நான் மாட்டேன்னு சொன்னேனாமே!" என்று படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். மகன் அளந்தது குளிருக்குப் புது ஜன்னல் போடவாம். திங்கள் இரவே கையெழுத்துப் போட்டுவிட்டாளாம், அன்று அளந்த அவசரத்தில் மகன் அதை இரண்டாந்தரம் படிக்காமல் போய்விட்டதால் காத்திருந்தாளாம்! இப்போது என் கையில் கொடுத்துவிட்டாள். மிச்சக் கட்டங்களை நிரப்பச் சொல்லி உன் அக்காவிடம் பேனாவைக் கொடுத்தேன், கையெழுத்து அவளுக்குத்தானே அழகு. நிரந்தர முகவரி என்ற இடத்தில் நிறுத்தி நிதானமாக எழுதியிருக்கிறாள்: இஸ்யூம், ஆலைத் தெரு, பதினான்கு. "அடியே, இந்த ஊர் விலாசத்தை எழுதணும்டி!" என்றேன். "நிரந்தரமான்னுதானே கேட்டிருக்காங்க?" என்றாள். வேறு படிவம் இல்லை, நேரமும் இல்லை. அடித்து எழுதலாம் என்று பேனாவை வாங்கினேன், கை வரவில்லை யூகிம். அப்படியே எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.