கப்பலண்ணையின் மூன்றடுக்குக் கட்டில்கள்

கடல் தெரியாத மூன்றாம் மாடியில் கப்பல் ஓட்டியவர் ஒஸ்லோ முழுவதிலும் கப்பலண்ணை ஒருவர்தான். ஹவுகன்ஸ்டுவா அடுக்குமாடியில் என் எதிர்வீட்டுக்காரர், தனிக்கட்டை. வேலை லில்லெஸ்ட்ரோம் பக்கம் ஒரு கிடங்கில். வாயைத் திறந்தால் ஒரே கதை: உலகப்போரில் சொகுசுக் கப்பல்களுக்குச் சாம்பல் நிறம் பூசிப் படையை ஏற்றிய விதம்.

“இரண்டாயிரம் பேருக்குக் கட்டினது, தம்பி. பதினைஞ்சாயிரம் பேரை ஏத்தினது. நீச்சல் தடாகத்துக்குள்ளையும் கட்டில்!”

“எந்த வருசம், அண்ணை?” என்பேன். பழைய தாள்களைத் தேதி போட்டுச் சேகரிக்கிறவன் நான்; தேதி இல்லாவிட்டால் எனக்கு எதுவும் செரிக்காது.

“வருசத்தை நீர் வைச்சிரும். எனக்குக் கட்டில் மட்டும் காணும்.”

என் மகளின் கலியாணத்துக்கு ரொறன்ரோவிலிருந்து அக்கா பதினெட்டுப் பேருடன் வந்திறங்கினார். என் வீடு மனைவியின் உறவினரால் நிரம்பியிருந்ததால், அவர்களுக்கு ஹோட்டலில் அறை எடுத்திருந்தேன். பெரும் பிழை.

“ஹோட்டலோ? கலியாணத்துக்கு வந்தனாங்களோ, ஊர் பாக்க வந்தனாங்களோ? தம்பி வீட்டிலை இடமில்லையெண்டால் திரும்பிப் போறம்.”

மாமி திரும்பிப் போனால் மணவறைக்கு வரமாட்டேன் என்றாள் மகள்.

எதிர்க்கதவு திறந்தது. “எத்தினை பேர்?” இதற்காகவே முப்பது வருடம் காத்திருந்தவர்போல் கப்பலண்ணையின் முகம் மலர்ந்திருந்தது. “அக்கா, இது தம்பி வீட்டு வாசலிலையிருந்து நாலடி. ஹோட்டல் இல்லை.”

பின்னேரத்துக்குள் அவர் வீட்டுச் சோபா, மேசை எல்லாம் நிலவறைக்குப் போயின. கிடங்கில் கழித்த இரும்புத் தட்டுகள் மூன்றடுக்குக் கட்டில்களாயின. குளியல் தொட்டிக்குள்ளும் ஒரு மெத்தை. ஆட்கள் இடிபடாமலிருக்க, அந்தக் கப்பல்களில் செய்ததுபோலவே ஒவ்வொருவர் உடுப்பிலும் நிறத்துண்டு குத்தினார்: வரவேற்பறை சிவப்பு, படுக்கையறை நீலம்.

மறுநாள் காலை குசினி வாசலில் அக்கா மறிக்கப்பட்டார்.

“அக்கா, நீங்கள் சிவப்பு. இப்ப நீலத்தின்ரை முறை.”

“எனக்குத் தேத்தண்ணி வேணும், கப்டன்!”

“எட்டு நிமிசம் பொறுங்கோ.”

அக்கா பொறுத்தார். என் ஆயுளில் நான் கண்ட முதல் தடவை.

கலியாணம் குறையின்றி நடந்தது. “அடுத்தமுறையும் எனக்கு மேல்தட்டுத்தான்” என்று சொல்லிவிட்டு அக்கா விமானம் ஏறினார்.

கட்டில்களைக் கழற்ற உதவப் போனபோது கேட்டேன்: “ஏன் அண்ணை, இந்தக் கப்பல்களிலை இவ்வளவு பிடிப்பு?”

“சொகுசுக்கெண்டு கட்டினது. ஆக்கள் வந்து நிக்க, இடம் குடுத்தது. அவ்வளவுதான்.”

கதவில் ஒட்டியிருந்த படுக்கைப் பட்டியலை என் சேகரிப்புக்கென்று உரித்தெடுத்தேன். பத்தொன்பது பெயர்கள், நிறமும் தட்டும் எதிரெதிரே. இரண்டு தரம் பார்த்தேன். அவருடையது இல்லை.

“அப்ப நீங்கள் எங்கை படுத்தனீங்கள்?”

“கீழை, நிலவறையிலை. சோபாவுக்குக் காவல் வேண்டாமோ?”

வீட்டுக்கு வந்து, பட்டியலில் இருபதாவதாகக் ‘கப்பலண்ணை’ என்று எழுதினேன். தேதி போட மறந்துவிட்டேன்.